லாலாங் புல்லில் செய்த புருஷன்

என் புருஷனை நாங்கள் லாலாங் புல்லில் செய்து எரித்தோம். மலைச்சரிவெல்லாம் தானாக முளைத்து, ஓரம் பட்டால் கையைக் கிழிக்கிற காட்டுப் புல்லுக்கு இந்த ஊரில் லாலாங் என்று பெயர். முறைப்படி தர்ப்பையில் செய்திருக்க வேண்டும். ஆனால் காரியம் செய்துவைக்கிற பண்டாரத்துக்கு நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வருகிற தர்ப்பைக் கட்டு அந்த மாதம் வந்து சேரவில்லை. "புல்லுன்னா எல்லாம் புல்லுதானேலா" என்று சொல்லி, ஆயர் ஈத்தாம் மலைப் பக்கம் ஆளை அனுப்பி லாலாங் வெட்டிவரச் சொன்னார் தண்டல். அப்போது அது பெரிய விஷயமாக யாருக்கும் படவில்லை.

ஜெர்மன் சண்டை முடிந்து, ரங்கூன் அரிசி வராமல் பினாங்கு முழுக்க மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்த வருஷம் அது. என் புருஷனுக்குத் தொங்கானில் வேலை. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே மூட்டை ஏற்றி இறக்குகிற பெரிய மரப்படகுதான் தொங்கான். அந்தப் படகுக்காரர்களுக்கெல்லாம் தலைவர்தான் தண்டல். சயாம் பக்கம் அரிசி கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு அவர் ஒரு தொங்கானை வடக்கே அனுப்பினார். துறைமுகத்துக்குள் ஓடுகிற படகை அவ்வளவு தூரம் அனுப்பியிருக்கக் கூடாது. லங்காவிக்கு அப்பால் காற்றில் கவிழ்ந்தது. உடன் போன மலாய்க்காரர் ஒருவர் மட்டும் பலகையைப் பிடித்துத் தப்பி வந்தார். என் புருஷன் முங்கியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்.

மாதக்கணக்கில் காத்திருந்தோம். உடல் கிடைக்கவில்லை. உடல் இல்லாதவனுக்குப் புல்லில் ஒரு உடல் செய்து எரித்தால்தான் போய்ச் சேருவான், இல்லாவிட்டால் வீட்டையே சுற்றிக்கொண்டிருப்பான் என்றார் பண்டாரம். தண்டல் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து செய்தார்கள். லாலாங் கட்டுக்கு அடங்கவில்லை, பிதுங்கிப் பிதுங்கி வந்தது. பண்டாரத்தின் விரலெல்லாம் ரத்தம். ஒரு வழியாகக் கை, கால், தலை என்று உருவம் வந்ததும் என் புருஷனுடைய கோடு போட்ட சட்டையை அதற்கு மாட்டினார்கள். சட்டை முழங்கால் வரை தொங்கியது. சுற்றி எல்லோரும் அழுதுகொண்டிருக்க, எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "அவரு இவ்வளவு குள்ளமில்லை" என்றேன். தண்டல் மனைவி என் வாயைப் பொத்தினாள். நான் கையைத் தட்டிவிட்டு மறுபடியும் சொன்னேன். பண்டாரம் இன்னும் இரண்டு பிடி புல்லை எடுத்துக் காலை நீட்டிக் கட்டினார். அதற்குப் பிறகு சட்டை சரியாக இருந்தது. பொத்தானை நான்தான் போட்டேன்.

அதைத் தூக்கிக்கொண்டு போய் எரித்தார்கள். பதினாறாம் நாள் என் தாலியை எடுத்தார்கள். எனக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை, பிள்ளையும் இல்லை.

பிழைப்புக்காகச் சௌராஸ்தா பாசாரில் மசாலை அரைத்து விற்க உட்கார்ந்தேன். இந்த ஊரில் மலாய்க்காரிகளும் நோன்யா என்கிற ஊர்ச் சீனப் பெண்களும் வீட்டில் அரைத்து நேரத்தைக் கழிக்க மாட்டார்கள். காலையில் பாசாருக்கு வந்து, "இன்னிக்கு மீன், இத்தனை பேர்" என்று சொன்னால் அதற்கு ஏற்றபடி மிளகாய், மஞ்சள், மல்லி எல்லாம் ஈரமாக அம்மியில் அரைத்து இலையில் பொதிந்து கொடுக்க வேண்டும். நான் வாயாடி. என் வாய்க்காகவே பாதிப் பேர் வந்தார்கள். விடிந்தால் பாசார், அரைத்து முடித்தால் அறை. சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்கென்று ஒரு அறை பிடித்தேன். அதன் சாவி என் இடுப்பிலேயே இருக்கும். ராத்திரி தூங்கும்போதும் அவிழ்த்து வைக்க மாட்டேன்.

அந்த வருஷங்களில் என்னோடு இன்னொருத்தியும் இருந்தாள். அவளும் நான்தான். ஆனால் அவளுடைய புருஷன் மறுவாரமே ஈரத் துணியோடு வீட்டுக்கு வந்துவிட்டான். அன்றைக்குக் காற்று கொஞ்சம் திசை மாறி அடித்திருந்தால் போதும், நான் அவளாக இருந்திருப்பேன். பாசாரில் இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாக மீன்காரனோடு மல்லுக்கு நிற்கிற எவளைப் பார்த்தாலும், இதோ இவள்தான் அவள் என்று எனக்குத் தோன்றும். இந்நேரம் அவளுடைய மூத்தது பள்ளிக்கூடம் போகும் என்று கணக்குப் போடுவேன். அவள் மேல் எனக்குப் பொறாமை. புருஷனிடம் திட்டு வாங்கிக்கொண்டு சோறு வடிக்கிறாளே என்று சில நாள் இளக்காரமும் உண்டு. அப்படியே இருந்துவிட்டால் பரவாயில்லை. ஆனால் நடுவில் திடீரென்று வேறொரு யோசனை வந்து உலுக்கும். அவள்தான் அசலோ, நான்தான் யாரோ தப்பாகச் செய்துவிட்டதோ என்று. அப்படித் தோன்றுகிற நாளில் அம்மிக்கு முன்னால் உட்கார முடியாது. எழுந்து பாசாரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவேன்.

ஒரு நாள் காலை. கூட்டம் கொஞ்சம் தணிந்த நேரம். குனிந்து மிளகாய் வழித்துக்கொண்டிருந்தேன். எதிரில் ஒரு ஆள் வந்து நின்றான். கால் மட்டும்தான் தெரிந்தது. இடது கால் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. அந்த மாதிரிக் கால் எனக்குத் தெரிந்த யாருக்கும் இல்லை.

"எவ்வளவு வேணும்?" என்று கேட்டேன்.

இலையை எடுத்து விரித்தேன்.

"என்ன கறிக்கு வேணும், சொல்லுங்க. நின்னுக்கிட்டே இருந்தா எப்படி?"

"நான்தான்" என்றான்.

"எந்த நான்?"

கேட்டுவிட்டு நிமிர்ந்தேன். தலை பாதி நரைத்திருந்தது. முகம் கறுத்து ஒட்டிப்போயிருந்தது. ஆனால் அவர்தான். ஒரு சந்தேகமும் இல்லை. அந்தச் சந்தோஷம் நெஞ்சில் வந்து முட்டியதை நான் மறைக்கப் போவதில்லை. அடுத்த நிமிஷமே பயம் வந்தது. பிறகு கோபம் வந்தது, அது போகவே இல்லை. மிளகாய்க் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கண் எரிந்து அழுததைப் பார்த்து, புருஷனைக் கண்ட ஆனந்தத்தில் அழுகிறாள் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொன்னார்கள். பாதி உண்மை.

செய்தி அரை மணியில் துறைமுகத்துக்குப் போய்விட்டது. தண்டல் ஓடி வந்து அவரைக் கட்டிப்பிடித்துக் குழந்தை மாதிரி அழுதார். பாவம், அத்தனை வருஷம் தண்டலுக்கும் தூக்கமில்லை. என் புருஷனை அழைத்துப் போய்ப் படகுக்காரர்கள் தங்குகிற கொங்சி வீட்டில் வைத்துக்கொண்டார்கள். என்னோடு உடனே அனுப்பவில்லை. அதில் ஒரு சிக்கல் இருந்தது. செத்தவனுக்கான காரியம் எல்லாம் செய்து முடித்த ஒரு ஆள் நடந்து வந்து நிற்கிறான். அவன் யார்?

ஞாயிற்றுக்கிழமை தண்டல் வீட்டில் கூடினார்கள். பண்டாரம், தண்டல், நாலைந்து மூத்த படகுக்காரர்கள். நான் உள்கதவு ஓரமாகத் தண்டல் மனைவியோடு நின்றேன். என் புருஷன் நடுவில் சப்பணமிட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

பண்டாரம் முறையைச் சொன்னார். "காரியம் செஞ்சாச்சுன்னா அந்த ஆளு போயிட்டான். இப்ப வந்திருக்கிறது புதுப் பொறப்பு. நெய்யும் தண்ணியும் ஊத்துன அண்டாவுல உக்கார வச்சு எடுக்கணும். பேர் வைக்கணும், காது குத்தணும். அப்புறம் அதே பொண்டாட்டி கழுத்துல மறுபடியும் தாலி கட்டணும். சாஸ்திரம் அப்படித்தான் சொல்லுது."

படகுக்காரர் ஒருவர், "தொட்டில் போடணுமா ஐயா? கயிறு தாங்காதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

தண்டலுக்கு அது பிடிக்கவில்லை. தன் ஆளைப் பச்சைப்பிள்ளையாக்கி அண்டாவில் உட்கார வைப்பதா? அவர் வேறொரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். "எதுக்கு இவ்வளவு கூத்து? அன்னிக்கு நாம செஞ்சது தர்ப்பையிலயா? லாலாங்லதானே. லாலாங்ல செஞ்சது காரியமே இல்லை. காரியமே நடக்கலைன்னா இவன் சாகவே இல்லை. அதே ஆளு. அதே பொண்டாட்டி. சாயங்காலம் ஒரு மஞ்சக் கயிறைக் கட்டி, பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

லாலாங் வெட்டச் சொன்னதே அவர்தான். அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

புல்லைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். அவர் அதே ஆளா, வேறு ஆளா என்பதில்தான் சண்டை. நான் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எந்தப் பக்கம் ஜெயித்தாலும் நான் அவரோடு போகிறேன் என்பது முடிந்துபோன விஷயமாக இருந்தது. மறுநாளிலிருந்து பாசாரில் என் இடத்தில் வேறொருத்தி உட்காருவாள். என் அறையைக் காலி செய்வார்கள். இடுப்பில் இருந்த சாவியைப் பிடித்துக்கொண்டேன். இவர்கள் வாயிலிருந்து வருகிற ஒரு சொல்லில் என் ஆறேழு வருஷம் நடக்காததாகிவிடும் என்று புரிந்தது. பொறுக்க முடியாமல் கதவைத் தாண்டி முன்னால் வந்துவிட்டேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். அந்தப் புல்லு செல்லாதுன்னா, என் கழுத்துல இருந்ததை எதுக்கு எடுத்தீங்க? இத்தனை வருஷம் நான் கட்டுன வெள்ளைச் சேலை செல்லுமா, செல்லாதா? நல்ல காரியத்துக்குப் போறப்ப எதிர்ல வராதேன்னு உங்க வீட்டுலயே சொன்னீங்களே, அது செல்லுமா?"

"அது வேற, இது வேற" என்றார் தண்டல்.

"எப்படி வேறயாகும்? ரெண்டும் அதே புல்லுலதான் வந்துச்சு."

நான் விடவில்லை.

"சரி, பண்டாரம் ஐயா சொல்றபடி செல்லும்னே வச்சுக்குவோம். அப்ப இவரு இப்பத்தான் பொறந்திருக்காரு. புதுசாப் பொறந்த ஆளுக்குப் பழைய பொண்டாட்டி எங்கேருந்து வருவா? வேணும்னா பொண்ணு கேட்டு வரட்டும். பொண்ணு சரின்னு சொல்லட்டும். என்னை யாரு கேட்டீங்க?"

"பொம்பளை பேசற பேச்சா இது?" என்று தண்டல் எழுந்துவிட்டார்.

எனக்கு உதவிக்கு வந்தது பண்டாரம்தான். பெரிய கருணையெல்லாம் இல்லை. லாலாங் செல்லாது என்று ஆகிவிட்டால், செல்லாத காரியத்தைச் செய்து வைத்தவர் என்கிற பெயர் அவருக்கு வரும். அதற்கு என் பக்கம் நிற்பது மேல் என்று பட்டிருக்கும். தாடியைத் தடவிக்கொண்டு, "பொண்ணு சொல்றதுல நியாயம் இருக்குது. புதுப் பொறப்புன்னா பொண்ணு கேட்டுத்தான் ஆகணும். வெள்ளிக்கிழமை நல்ல நாள்" என்றார்.

நான் பேசினபோது என் புருஷன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த பெண் இப்படிப் பேச மாட்டாள்.

அவரை அண்டாவில் உட்கார வைத்து எடுத்தார்கள். கால் மடங்காததால் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது என்று தண்டல் மனைவி வந்து சொல்லிச் சிரித்தாள். என்ன பெயர் வைப்பது என்று பண்டாரம் கேட்டதற்கு, "பழைய பேரே இருக்கட்டும், பழகிடுச்சு" என்றாராம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெற்றிலை பாக்கும் ஒரு சீப்பு பிசாங் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு தனியாக வந்தார். என் அறை வாசல்படிக்கு வெளியே நின்றார். என்னை 'நீங்க' என்று அழைத்தார். ஒரு காலத்தில் 'ஏ புள்ள' என்று கூப்பிட்டவர்.

"உங்களைக் கட்டிக்கலாம்னு கேட்டு வந்திருக்கேன்" என்றார்.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவருக்கு முக்காலியை வெளியே எடுத்துப் போட்டுக் கோப்பி கொடுத்தேன். பிறகு, பாசாரில் அவரைப் பார்த்த நிமிஷத்திலிருந்து நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன். "ஏன் வரலை?"

அவர் சொன்னார். சயாம் பக்கத்துத் தீவு ஒன்றில் மீன் பிடிக்கிறவர்கள் அவரைக் கரைசேர்த்தார்கள். கால் முறிந்து, அவர்கள் வைத்தியத்தில் கோணலாகக் கூடிக்கொண்டது. காய்ச்சலில் பல மாதம் கிடந்தார். எழுந்து நடமாடத் தொடங்கியபோது, பினாங்கிலிருந்து உப்பு ஏற்றி வந்த ஒரு படகுக்காரன், அவருடைய பேரையே சொல்லி, அந்த ஆளுக்கு அங்கே காரியமெல்லாம் முடித்துவிட்டார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னான்.

"அதைக் கேட்டதும் வந்திருக்கணும்" என்றேன்.

"ஆமா. ஆனா கேட்டதும் எனக்குப் பாரம் எறங்கின மாதிரி இருந்துச்சு. செத்தவனை யாரும் தேட மாட்டாங்க. யாருக்கும் பதில் சொல்ல வேணாம். விடியறதுக்கு முன்னால எழுந்து மூட்டை தூக்க வேணாம். அங்கேயே இருந்துட்டேன்."

அந்தக் கோப்பிக் குவளையைப் பிடுங்கி அவர் மேல் வீசலாம் போல இருந்தது. நான் இங்கே வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது அவர் அங்கே நிம்மதியாகச் செத்திருந்தார்! வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். சந்தில் இருந்த சீனக் கிழவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப இப்ப எதுக்கு வந்தீங்க?"

"ஒரு நாள் சந்தையில யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. என்னை இல்லை, அதே பேர்ல வேற ஆளை. அங்கே என் பேரு யாருக்கும் தெரியாது, வேற பேர்தான் சொல்லியிருந்தேன். ஆனா நான் திரும்பிட்டேன். செத்தவன் எதுக்குத் திரும்பணும்? அன்னியிலேருந்து அங்கே இருக்க முடியலை."

"யோசிச்சுச் சொல்றேன், போங்க" என்றேன். அவர் முக்காலியை எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்தார், அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்கிற மாதிரியே கேட்பார். நானும் "யோசிச்சுச் சொல்றேன்" என்பேன். ஊருக்கு நல்ல பொழுதுபோக்கு. "வந்த புருஷனை வேணாங்கிற ஒரே விதவை நீதான்லா" என்றாள் தண்டல் மனைவி. பாசாரில் நோன்யாக்கள் மசாலையை மறந்துவிட்டு, இந்த வாரம் என்ன சொன்னாய் என்று கேட்டார்கள். நானோ உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும்தான் அது விளையாட்டில்லை.

அம்மியில் குழவி ஓடிக்கொண்டிருக்கும், தலைக்குள் இது ஓடிக்கொண்டிருக்கும். அவர் அதே ஆள்தானா? காலும் முடியும் மாறிவிட்டன. சரி, அதனால் ஆள் மாறுமா? குணம் மாறிவிட்டது. அந்தக் காலத்தில் சோற்றில் உப்பில்லை என்றால் தட்டைத் தள்ளுவார். இப்போது ஆறின கோப்பியையும் குடிக்கிறார். பழைய ஞாபகம் இருந்தால் அதே ஆள் என்று ஒரு நாள் முடிவுக்கு வந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவரைச் சோதித்தேன்.

"உங்களுக்கு முன்னாடி ஒரு கல்யாணம் நடந்துச்சாமே, அதுல என்ன ஞாபகம் இருக்குது?"

"பொண்ணுக்கு வளையல் சின்னதாப் போச்சு. ஏத்த முடியாம ஏத்தி, கை வீங்கிப்போச்சு. ஆனா பொண்ணு அழுததுக்குக் காரணம் வளையல் இல்லை. பக்கத்துல உக்காந்திருந்தப்ப மெதுவாச் சொல்லுச்சு, 'என்னை யாரும் கேக்கவே இல்லை'ன்னு."

எனக்கு அது சுத்தமாக ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. வளையல் ஞாபகம் வந்தது, வலி ஞாபகம் வந்தது, நான் சொன்னதாக அவர் சொன்னது மட்டும் வரவில்லை. அன்று ராத்திரி நெடுநேரம் புரண்டேன். ஞாபகம்தான் ஆள் என்றால் அவர் மாறவே இல்லை. மாறிப்போய் வந்து உட்கார்ந்திருப்பது நான். ஒருவேளை அன்று புல்லில் எரிந்தது அவரில்லையோ என்றுகூடத் தோன்றியது. கோடு போட்ட சட்டைக்குப் பொத்தான் போட்ட அந்தப் பெண்ணைத்தான் எரித்தார்களோ? மறுநாள் இரண்டு பேருக்கு மசாலையை மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

இப்படியே மழைக்காலம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. வழக்கமான நேரத்துக்குக் கோப்பி போட்டு வைத்தேன். அவர் வரவில்லை. "வராட்டிப் போகட்டும், நிம்மதி" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டேன். முக்காலியைத் துடைத்தேன். கழுவின அம்மியை மறுபடியும் கழுவினேன். சந்து முனை வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கோப்பியைச் சூடு பண்ணினேன். அது மறுபடியும் ஆறியது.

திடீரென்று பயம் பிடித்துக்கொண்டது.

அந்தப் பயம் எனக்குத் தெரிந்த பயம். தொங்கான் வர வேண்டிய நாளில் வராமல், வெல்ட் கீ துறைமுகக் கரையில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தபோது வந்ததே, அதே பயம். அந்தப் பெண் வேறு, நான் வேறு என்று தண்டல் வீட்டில் அத்தனை பேர் முன்னால் வாதம் பண்ணி ஜெயித்தேனே, அவளுடைய பயம் எனக்குள் எப்படி வந்தது? பதில் யோசிக்க நேரமில்லை. கதவைக்கூடப் பூட்டாமல் மழையில் இறங்கிவிட்டேன்.

வழியில் அந்த இன்னொருத்தியை நினைத்தேன், புருஷன் மறுவாரமே வந்துவிட்டவளை. இந்த மழைக்கு அவள் வீட்டுக்குள் இருப்பாள். பிள்ளைகள் தூங்கியிருக்கும். அவள் புருஷன் நல்ல காலோடு பக்கத்தில் படுத்திருப்பான். ஆனால் அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்னாலும் கேட்கவில்லை, பின்னாலும் கேட்டிருக்க மாட்டார்கள். எத்தனையோ வருஷத்தில் முதல் தடவையாக அவள் மேல் எனக்குப் பொறாமை வரவில்லை. அவளை விட்டுவிட்டு வேகமாக நடந்தேன்.

கொங்சி வீட்டில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். படகுக்காரர்கள் ஒரு மூலையில் கூடி நின்றார்கள், தண்டலும் இருந்தார். நான் தேடி வந்தவர் பலகைக் கட்டிலில் இரண்டு சாக்கைப் போர்த்திக்கொண்டு குளிரில் உதறிக்கொண்டிருந்தார். பழைய காய்ச்சல் திரும்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை.

"இன்னிக்கு வர முடியலைங்க" என்றார்.

"தெரியுது."

"வெள்ளிக்கிழமைதானே?"

"வெள்ளிக்கிழமைதான்."

"அப்ப இங்கேயே கேட்டுடறேன்." பல் கிட்டித்துக்கொண்டு வந்தது. அத்தனை பேர் முன்னாலும், உதறிக்கொண்டே, ஒவ்வொரு வாரமும் கேட்கிறதைக் கேட்டார்.

நான் அழுதேன். இந்தத் தடவை மிளகாய் மேல் பழி போட முடியாது. அவர் பிழைக்க வேண்டும், எனக்கு இவர் வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் மனசில் இல்லை. அதே ஆளா, வேறு ஆளா என்கிற கேள்வி எங்கே போனதென்று தெரியவில்லை.

"சரி" என்றேன்.

படகுக்காரர்கள் ஓவென்று கத்தினார்கள். தண்டல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தை பொறக்கட்டும், தண்ணீர்மலை கோயில்லயே வச்சுக்கலாம்" என்று ஏற்பாட்டில் இறங்கிவிட்டார்.

"இருங்கண்ணே, நான் இன்னும் முடிக்கலை" என்றேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "இன்னிக்கு இருக்கிறவ சரின்னு சொல்லிட்டா. அடுத்த வெள்ளிக்கிழமை இருக்கப் போறவளுக்காக நான் வாக்குக் குடுக்க முடியாது. ஆளு மாறிடுதுன்னு நாமளே பார்த்துட்டோம். அவளை நீங்கதான் கேக்கணும்."

கண்ணை மூடிக்கொண்டே, "கேக்கறேன்" என்றார்.

காய்ச்சல் தெளிந்து எழுந்தார். தை மாதம் தாலி கட்டினார். என் அறையிலேயே வந்து இருந்தார், சாவி என் இடுப்பிலேயே இருந்தது, பாசாருக்கும் போய்க்கொண்டிருந்தேன். லாலாங் செல்லுமா செல்லாதா என்று தண்டலும் பண்டாரமும் வெகுகாலம் வாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். இப்போது பண்டாரம் இல்லை, தண்டலுக்குக் காது கேட்பதில்லை.

மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்தை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எழுத உட்கார்ந்தவள், நாலு வரிக்கு ஒரு தரம் எழுந்து எழுந்து போய்க்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. கோப்பி போட்டு வைத்திருக்கிறேன். அவர் வெளியே முக்காலியில் உட்கார்ந்து சீனக் கிழவியின் பேரனோடு கதை பேசிக்கொண்டிருக்கிறார். பொழுது சாயப் போகிறது, இந்த வாரம் இன்னும் என்னைக் கேட்கவில்லை.